மூன்றாம் தரப்பு

பதினொரு முட்டை அடை வைத்தேன்.
பொரித்தது ஒன்பது.
ஒன்றைப் பருந்து, ஒன்றைக் கீரி.
மிச்சம் ஏழில் நாலாவது பேடாய் இருக்குமென்று
விரலை மடக்கி வைத்திருந்தேன்.
மாசி பிறக்க
ஏழும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.
நாலை விசுவமடுச் சந்தையில் விற்றேன்.
மூன்றை விற்க மனம் வரவில்லை.
காரணம் கேட்காதீர்கள், ஒரு மனிசனுக்கு
ஏதாவது மூன்று வேண்டியிருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் கேமலதா.
கார்மன்ட்ஸில் கொலர் தைக்கிறவள்.
பின்னேர ஷிப்ட் முடிந்து
கொம்பனி பஸ் அவளைத் தொட்டியடியில் இறக்கும்போது
இரவு ஒரு மணி.
சோறு தின்று, கால் கழுவி, கண்ணயர இரண்டரை.
மூன்று மணிக்கு
என்னுடைய மொட்டைக்கழுத்தன் தொடங்குவான்.
அவன் விட்டால் செங்கறுப்பன்.
பிறகு, பேர் வைக்காத மற்றவன்,
சீவாளி வெடித்த நாதஸ்வரம் போல.

முதலில் ஒரு பொச்சுமட்டை வந்து விழுந்தது.
பிறகு அரைச் சீமெந்துக் கல்.
பிறகு, "அண்ணை, உங்கட சேவலுக்கு
ஒரு மணிக்கூடு வாங்கிக் குடுங்கோ" என்றொரு குரல்.
நானும் சும்மா இருக்கவில்லை.
"உம்மட தண்ணி மோட்டர் இரவிரவாய் இரையேக்கை
நான் ஏதும் சொன்னனானே" என்றேன்.
அதோடு முருங்கைக்காய் நின்றது.
கறிவேப்பிலை நின்றது.
இரண்டு வீட்டாரும் குனிந்து போய்வந்த
கிளுவை வேலிப் பொட்டுக்கு
ஒருநாள் காலையில்
முள்ளுக்கம்பி.

இணக்கசபை ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில்.
எங்களுக்கு முதல் ஒரு காணித் தகராறு,
அதற்கு முதல் ஒரு சீட்டுக்காசு.
எங்கள் பேரைக் கூப்பிட்டபோது
பின்வாங்கில் யாரோ "கொக்கரக்கோ" என்றான்.
நவரத்தின மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
சிரிக்காமல் இருப்பதற்கு.
பிறகு எழுதினார்:
காலை ஐந்தரைக்கு முன் கூவுதல் ஆகாது.
நான் ஒப்பமிட்டேன். அவளும் ஒப்பமிட்டாள்.
மூன்றாம் தரப்பு
கூட்டுக்குள் நின்று குருணி பொறுக்கிக்கொண்டிருந்தது.

கூடையால் கவிழ்த்தேன். சாக்கால் மூடினேன்.
நிலவுக்கே கூவுகிற சாதி.
நாலாம் நாள் அவளே பொட்டடியில் வந்து நின்றாள்,
கையில் மடித்த தறப்பாள்.
நீல எழுத்துகள் வெளிறி,
மடிப்புக்கு மடிப்பு பழைய செம்மண்.
"இதுக்குள்ளை இருந்தால் விடிஞ்சது தெரியாது அண்ணை.
எனக்குத் தெரியும்" என்றாள்.
எந்த முகாம் என்று நான் கேட்கவில்லை.
எங்களிடமும் ஒன்று இருந்தது.
எங்களுடையதை வெயில் தின்றுவிட்டது.

விரித்தால் ஐந்து ஓட்டை.
அந்த ஓட்டைகளால் இறங்கிய நிலவுக்கு
அன்றிரவும் கூவினான் மொட்டைக்கழுத்தன்.
அடுத்த நாள் லீவு போட்டு,
நான் முள்ளுக்கம்பியைத் தூக்கிப் பிடிக்க
அதற்குக் கீழால் குனிந்து வந்து,
கொலர்த் துணியின் வெட்டுத்துண்டுகளை
உள்ளொன்று வெளியொன்று வைத்துத் தைத்தாள்.
நெருக்கமான தையல்.
லண்டனில் யாருடைய கழுத்துக்கோ போகவேண்டிய தையல்.

இப்போது வேலிக் கதியாலில்
அவளுடைய ஷிப்ட் கடதாசி தொங்குகிறது.
பின்னேர ஷிப்ட் கிழமை தறப்பாள்.
காலை ஷிப்ட் என்றால் நாலரைக்கு பஸ்,
தறப்பாள் இல்லை,
மூன்று பேரும் முறைவைத்துக் கூவி அவளை எழுப்புவார்கள்.
லீவு நாளில் என்ன செய்வதென்று
சபையும் எழுதவில்லை, நாங்களும் பேசவில்லை.

ஐந்து ஓட்டையில் நாலைத்தான் தைத்திருக்கிறாள்.
கிழக்குப் பக்கத்தது அப்படியே கிடக்கிறது,
ஒரு பெருவிரல் போகும் அளவு.
மறந்துபோனீரோ என்று கேட்டேன்.
"அதுகள் மூச்சு விடவேண்டாமே" என்றாள்,
ஊசியைச் சட்டைக் கழுத்தில் குத்திக்கொண்டு.

விடியப்புறம் போய்ப் பார்த்தால்
அந்த ஓட்டையில்
ஒரு கண்.