வலது ஒழுங்கை

காலை பத்தேகால்.
தெமட்டகொடை தாண்டி பேஸ்லைன் வீதி.
முன்னால் ஒரு பஸ்
நிற்கவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல்.
மிதிபலகையில் தொங்கும் கொண்டக்டர்
பொரளை பொரளை என்று தகரத்தில் அறைகிறான்.
நான் போவதும் பொரளைக்குத்தான்.
ஆனால் அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும்,
நிற்பதோ இடது ஒழுங்கையில்.

ஒழுங்கை என்று இதற்குப் பெயர் வைத்தவர்
ஒழுங்கை நம்பியவராக இருக்க வேண்டும்.
வெள்ளைக்கோடு விட்டு விட்டுக் கிடக்கிறது,
பாதியில் நிறுத்திய புத்திமதி மாதிரி.

சிக்னல் போடுகிறேன்.
டிக் டிக் டிக்.
இதற்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது.
வரட்டுமா, வரட்டுமா என்று
ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கும்.
கேட்டதுதான் பிழை.
அதுவரை ஆறுதலாக வந்த நீலக் கார்
திடீரென்று அவசரக்காரனாகி
இருந்த இடைவெளியை விழுங்குகிறது.
அதற்குப் பின்னால் தண்ணீர் பவுசர்.
அதற்குப் பின்னால் பாடசாலை வான்,
ஒருமுறை லைட்டைச் சிமிட்டுகிறது.

இந்த ஊரில் ஒரு சிமிட்டலுக்கு
வா என்றும் பொருள்,
வருகிறேன் என்றும் பொருள்.
போன வைகாசியில் நான் பிழையாக மொழிபெயர்த்ததற்கு
தெஹிவளையில் டிங்கரிங்காரன்
நாற்பத்தியிரண்டாயிரம் வாங்கினான்.
கதவின் நிறம் இன்னும் சேரவில்லை.

வான் பின்தங்குகிறது. இம்முறை வா என்றுதான் பொருள்.
நடுக்கண்ணாடி பார்க்கிறேன்: வெறும் வீதி.
பக்கக் கண்ணாடி பார்க்கிறேன்: வெறும் வீதி.
ஸ்டியரிங் கையில் இளகத் தொடங்குகிறது.
பிறகு, ஏனென்று தெரியாமல்,
கழுத்தைத் திருப்புகிறேன்.

அங்கே இருந்தான்.
இரண்டு கண்ணாடிக்கும் சொந்தமில்லாத இடத்தில்
முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பெடியன்.
அவன் முழங்காலுக்கும் என் கதவுக்கும் ஒரு சாண்.
ஹெல்மெட்டுக்குள் செருகிய போனில்
யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டு
என்னை ஒருதரமும் பாராமல்
கடந்து போனான்.

இன்றைக்கு நான் அவனைக் கொல்லவில்லை என்பது
அவனுக்குத் தெரியாது.
வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டான்.
எனக்கு மட்டும்
முழங்கால் இரண்டும் தண்ணீர்.

பொரளைச் சந்தி வந்தது,
வலப்பக்க அம்புக்குறி பச்சையானது,
நேரே போனேன்.
தவறவிட்ட ஒரு திருப்பத்துக்காக
யாரும் இதுவரை அழுததில்லை.

போன் அடித்தது. எடுக்கவில்லை.
ஆனந்தரூபன்தான்,
கண்ணாஸ்பத்திரி வாசலில்
மருந்து விட்ட கண்களோடு நிற்பார்.
வருகிற கார் எல்லாம் அவருக்கு
இப்போது ஒரே வெள்ளைப் பஞ்சு.
எங்க நிக்கிறீர் என்பார்.
என்னவென்று சொல்ல?
கனத்தையில் திரும்பி வருகிறேன்,
மயானத்து மதிலோரமாக,
வெளிப்பக்கத்தால்.

வலப்பக்கம் ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்தது.
கோபமில்லாத ஹோர்ன், கதவு தட்டுவது போல.
பார்த்தால்
என் சிக்னல் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.
திரும்பாத சக்கரம் அதை அணைக்கவில்லை,
நானும் மறந்துவிட்டேன்.
பொரளையிலிருந்து இவ்வளவு தூரமும்
வரட்டுமா வரட்டுமா என்று
கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.
இவ்வளவு தூரமும் அந்த மனிதர்
ஒரு கார் அளவு இடத்தைக்
காலியாகவே பிடித்து வைத்துக்கொண்டு
பின்னால் வந்திருக்கிறார்.

நடுக்கண்ணாடி.
பக்கக் கண்ணாடி.
கழுத்து.

போனேன்.