அடையாளம் தெரியாதபடி

விதி சொல்வது இது:
சரிபாதி வேறு குப்பையோடு கலக்க வேண்டும்,
அடையாளம் தெரியாதபடி.
மூன்று நாள் முன்னதாக மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும்.
கேமரா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேறு குப்பைக்கு எங்கே போவது?
கேவ் ஜங்ஷன் காபிக் கடையில் கெஞ்சி
முப்பது வாளிச் சக்கை ஏற்றி வந்தான் ரோஸ்கோ.
சும்மாவா தந்தார்கள் என்றேன்.
வாளிக்கு ஒரு டாலர் என்றான்.
சக்கைக்குக்கூட விலை இருக்கிறது.

இருநூற்றுப் பன்னிரண்டு ராத்தல்.
போன அக்டோபரில் நறுக்கியது.
ஒவ்வொரு பூவாக விரல்நுனியில் திருப்பி,
கத்தரிக்கோலில் பிசின் ஏற ஏறத் துடைத்து,
ஆறு பேர், பத்தொன்பது நாள்.
அவர்களில் நாலு பேருக்குக் கூலி பாக்கி.
மரிசோல் மட்டும் செய்தி அனுப்புகிறாள்,
மரியாதையாக,
மாதம் பிறந்ததும்.

முதல் வருஷம் தரகன் ஹக்கபி
ஜாடியைத் திறந்து முகர்ந்து கண்ணை மூடினான்.
ராத்தல் ஆயிரத்து அறுநூறு.
அடுத்த வருஷம் முகர்ந்தான், கண்ணை மூடவில்லை.
அப்புறம் முகரவே இல்லை,
ஆய்வகத் தாளில் சதவீதத்தைத் தேடினான்.
இந்த வருஷம் ஆளே வரவில்லை.
போனில் சொன்னான்: தொண்ணூறு. பை உன் செலவு.
அடிமாட்டு விலை என்று இதைச் சொல்ல முடியாது.
மாடாவது நடந்து போய் லாரியில் ஏறும்.

கேட்டவருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தார்கள்.
பல் டாக்டர் வாங்கினார். ஜாமீன் தரகர் வாங்கினார்.
எங்களுக்குத் தண்ணீர் பம்பு விற்றவரே
எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பத்து ஏக்கர் போட்டார்.
மலைமேலிருந்து பார்த்தால்
பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைப் பாலிதீன்,
அகாலத்தில் பெய்து கரைய மறந்த பனிபோல.
மாநிலமே உட்கார்ந்து புகைத்தாலும்
தீர ஆறு வருஷம் ஆகும் என்று
ரோஸ்கோ ஒரு ராத்திரி கணக்குப் போட்டான்,
கைக்குழந்தைகளையும் சேர்த்து.

கலிஃபோர்னியா எல்லை இருபது மைல்.
அதே மலை, அதே மழை, அங்கேயும் அதே பூ.
தாண்டினால் குற்றம்.
தாண்டியும் பயனில்லை,
அங்கேயும் வாங்க ஆளில்லை.

எனக்கு இருபத்து மூன்று வயதில்
மன்சனீட்டாப் புதருக்கு அடியில்
பதினாலு செடி வைத்திருந்தோம்.
ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால்
அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக் கிடப்போம்.
பிடிபட்டு ரோஸ்கோ பதினெட்டு மாதம் உள்ளே இருந்தான்.
மிஞ்சிய மூன்று செடியின் பணத்தில்தான்
இந்த வீட்டுக் கூரை.

இப்போது ஒவ்வொரு செடிக்கும் நீலச் சீட்டு,
இருபத்து நான்கு இலக்கம்.
மாநிலத்துக்கு என் செடிகள் எல்லாம் தெரியும்.
ஒன்றைக்கூட அது தேடி வருவதில்லை.

வெட்டுக் கருவியில் கொட்டினோம்.
பூ ஒரு பங்கு, சக்கை ஒரு பங்கு.
கேமராவின் சிவப்புப் புள்ளிக்கு நேராக நின்று
ரோஸ்கோ தொப்பியைக் கழற்றினான்.
வியர்வைக்காகவா வேறு எதற்காகவா,
நான் கேட்கவில்லை.
கறுப்பாகக் குவிந்தது.
அடையாளம் தெரியவில்லைதான்.
வாசனை மட்டும் விதியைப் படிக்கவில்லை:
எலுமிச்சைத் தோல், பைன் பிசின், கொஞ்சம் டீசல்,
காபியையும் மீறி.

கணினியில் பதிய வேண்டும்.
அழித்ததன் காரணம் கேட்டது,
கீழே பட்டியல் விரிந்தது.
பூஞ்சை.
பூச்சி.
தீ, புகை.
ஆய்வில் தேறாதது.
பிற.
விலை என்று எங்கும் இல்லை,
இரண்டு முறை மேலும் கீழும் தேடினேன்.
'பிற'வைத் தொட்டதும்
விளக்கம் எழுது, பத்து எழுத்தாவது வேண்டும் என்றது.

நன்றாக விளைந்தது
என்று எழுதினேன்.

ஏற்றுக்கொண்டது.

விரலில் பிசின். விசைப்பலகை ஒட்டுகிறது.
இன்று ஒன்றாம் தேதி.
மேசையில் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.