ஓவர்டைம்

சரக்கு மின்தூக்கியில் எட்டுப் பேர்,
இரண்டு ஒலிபெருக்கி, ஒரு மூட்டை ஐஸ்.
காக்கி புக்கிட்டில் ஐந்தாம் மாடி ஏற
ஒரு முழுப் பாட்டு நேரம் ஆகிறது.
ஸுல்ஹில்மி கதவை முழங்காலால் தள்ளுகிறான்.
பகலில் இங்கே அலமாரிக்கு லேமினேட் ஒட்டுகிறார்கள்;
பசை வாடை இன்னும் போகவில்லை.
"பழகிடும்" என்கிறான்.
போன மாதமும் அதைத்தான் சொன்னான்.

முதல் இரவுக்குப் பதினோரு பேர் வந்தார்கள்.
அதில் ஒருவர் குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவர்.
அவர்தான் கடைசிவரை ஆடினார்,
இடுப்பில் ஸ்குரூடிரைவர் தொங்க.

என் பெயர் சுவரொட்டியில் இல்லை.
சுவரொட்டியே இல்லை.
நள்ளிரவுக்குச் சற்று முன் கைப்பேசிக்கு ஒரு முகவரி,
எந்த மின்தூக்கி என்று ஓர் எண்.
வீட்டில் நான் யாழரசி.
இங்கே டிஜே ஓவர்டைம்.

பேட்டி எடுக்க வந்தவன் வெளிநாட்டுப் பையன்,
நல்லவன், கோப்பிக்கு அவனே காசு கொடுத்தான்.
"உங்கள் தாளத்தின் வேர் எங்கே?" என்றான்,
என் முகத்தின் நிறத்தைப் பார்த்து.
ஒரு மிருதங்கம், ஒரு கோயில்,
குறைந்தது ஓர் ஆற்றங்கரையாவது
அவனுக்குத் தேவைப்பட்டது.

உறுமியைச் சொன்னேன். பொய்யில்லை:
தேக்கா பின்சந்தில் யார் கல்யாணத்துக்கோ
அடித்த உறுமியின் முனகலைக் கைப்பேசியில் பிடித்து,
இழுத்து, இன்னும் இழுத்து,
பேருந்து பிரேக் போடுவதுபோல் ஆக்கியிருக்கிறேன்.
சிம் லிம் டவரில் எண்பது வெள்ளிக்கு வாங்கிய
டிரம் மெஷினையும் சொன்னேன்;
அதில் ஒரு பொத்தான் அமுங்கினால் எழாது.
எழுதிக்கொண்டான்.

சொல்லாதது இது.

அங் மோ கியோ டிஸ்க் டிரைவ் கம்பெனியில்
பதினேழு வருஷம் அம்மா நைட் ஷிஃப்ட்.
காலையில் வந்து முகம் கழுவாமல் சாப்பிட உட்காருவாள்.
நாலு விரலும் மேசையில் தட்டும்,
அவளுக்குத் தெரியாமல்.
டக். டக். டக். டக்.
ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஓர் உள்மூச்சு,
பெல்ட் நகர்ந்து அடுத்த துண்டு வரும் நேரம்.
தூங்கும்போது அதைக் கால் பெருவிரல் எடுத்துக்கொள்ளும்.
என் வாய்ப்பாடெல்லாம் அதன்மேல் ஏறி வந்ததுதான்.

கம்பெனி வேறு நாட்டுக்குப் போன அன்று
எல்லோருக்கும் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.
விரல் நிற்கவில்லை.

பதினாறு வயதில், தெம்பனிஸ் நூலகத்தில்,
யாருடைய ஹெட்போனிலோ
முதன்முதலாக டெக்னோ கேட்டபோது
எங்கள் சாப்பாட்டு மேசையை
எவனோ திருடிவிட்டான் என்று நினைத்தேன்.

இப்போது முந்நூறு பேர் வருகிறார்கள்.
பெர்லினிலிருந்து ஒரு மின்னஞ்சல், பதில் போடவில்லை.
ஒரு தடவை போலீஸ் வந்தது, அணைத்தோம்.
அணைத்த பிறகும் லேமினேட் பலகைகள்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தன.

அம்மாவுக்கு ஒரு நாள் போட்டுக் காட்டினேன்,
சமையலறையில், சின்ன ஸ்பீக்கரில்.
வெங்காயம் நறுக்குவதை நிறுத்திக் கேட்டாள்.
"வேகம் ஜாஸ்தி.
இப்படி ஓட்டினா லைன்ல தப்பு விழும்,
சூப்பர்வைசர் வந்துடுவான்."
நூற்று முப்பத்தாறை
நூற்று இருபத்தெட்டுக்கு இறக்கினேன்.
இறக்கிய அன்றுதான் பெய் ஷான்,
வாசலில் காசு வாங்குகிறவள்,
பெட்டியை மூடிவிட்டு ஆட வந்தாள்.

நாலு மணி. பாஸ் மட்டும் ஓடுகிறது.
முந்நூறு பேர் நைட் ஷிஃப்ட் பார்க்கிறார்கள்,
இருபது வெள்ளி கொடுத்து.

விடிந்தபின் முதல் ரயில்.
காதில் இரைச்சல், சட்டையில் பசை வாடை.
எதிர் இருக்கையில் ஒரு பெண்,
கழுத்தில் வேலை அட்டை, மடியில் சாப்பாட்டு டப்பா.
என் தொடையைப் பார்க்கிறாள்.
நானும் அப்போதுதான் பார்க்கிறேன்:
நாலு விரல்.