பதினாலாம் சந்து, மேல் தட்டு

கிளைபெடா துறைமுகத்துக்குப் பின்னால் நாலாம் எண் கிடங்கு.
டிசம்பர். கணக்கெடுப்பு வாரம்.
பால்டிக் காற்று தகரச் சுவரை அறைந்து அறைந்து
எத்தனை, எத்தனை என்கிறது.

நான் ஓட்டுவது ரீச் டிரக்.
பக்கவாட்டில் உட்கார வேண்டிய வண்டி;
பாதை எனக்கு எப்போதும் தோளுக்கு நேரே.
பதினோரு மீட்டர் அண்ணாந்து அண்ணாந்து
கழுத்து ஒரு பக்கம் இறுகிவிட்டது.
பறவை பார்ப்பவரா என்று கேட்டார் மருத்துவர்.

ஜில்வினாஸுக்கு டீசல் வண்டி.
அதன் முதுகில் இரண்டு டன் வார்ப்பிரும்பு.
முன்னால் தூக்குவதற்காகப் பின்னால் சுமக்க வேண்டும்,
தூக்க ஒன்றும் இல்லாதபோதும்.
"என் வீட்டுக் கடன் மாதிரி" என்றபடி
மழை முற்றத்தில் இறங்கிப் போவான்.
என் வண்டிக்கு அங்கே வேலையில்லை.
அதன் சின்னச் சக்கரங்கள்
மழமழத்த தரையில் மட்டும் வீரம் பேசும்.

உக்னே தன் வண்டியோடு தானும் ஏறுகிறவள்.
இடுப்பில் வார், கையில் ஸ்கேனர்.
நான் முழுப் பேலட்டாக விழுங்குவதை
அவள் பருக்கை பருக்கையாகப் பொறுக்குவாள்.
அவள்தான் மேலிருந்து கத்தினாள்:
"இல்லாதது ஒன்று இங்கே இருக்கிறது!"

கணினியில் வெற்றிடம். கண்ணுக்கு ஒரு பேலட்.
இருப்பது குறைந்தால் திருட்டு,
இல்லாதது இருந்தால் தலைவலி
என்றாள் மேலாளர் ரெகினா.

கம்பத்தை விரித்தேன்.
அந்த உயரத்தில் அது லேசாக ஆடும்;
ஆட்டம் அடங்கும்வரை கை அசையக்கூடாது.
பயிற்சித் தாளில் இதற்கு ஒரு வரிதான்.
முள் நுழைந்தது. தூசி முதலில் இறங்கியது.

நாலாயிரம் சுவர்க் காலண்டர்கள்.
2015.
அச்சடித்த மீன் டப்பா கம்பெனியே இப்போது இல்லை.
அங்கே ஏற்றி வைத்தது நானாகவும் இருக்கலாம்.
அது என் முதல் வருடம்.

காகித ஆலைக்கு, என்றாள் ரெகினா.
தற்காலிகப் பையன் டோமன்டாஸ்
கை பேலட் வண்டியைத் தள்ளி வந்தான்.
எஞ்சின் கிடையாது.
பிடியை நாலு முறை அழுத்தினால் ஒரு சாண் எழும்பும்,
அதற்கு மேல் ஆசைப்படாது.
பாதி வழியில் நின்றுவிட்டான்,
ஒரு கையில் காலண்டர், மறு கையில் ஃபோன்.

"ஜனவரி ஒன்று வியாழன்.
வரப்போகிற ஜனவரியும் வியாழன்."
ஈஸ்டர்? என்றாள் உக்னே.
ஏப்ரல் ஐந்து.
ஃபோனிலும் ஏப்ரல் ஐந்து.

கொஞ்ச நேரம் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

ஆளுக்கு ஒன்று எடுத்தோம்.
வருடத்தின் மேல் இருப்பிட ஸ்டிக்கர் ஒட்டினோம்.
ரெகினாவின் அறையில் இப்போது நடப்பது
14-மேல்-07ஆம் ஆண்டு.
மீதியை ஜில்வினாஸ் மழைக்குள் கொண்டு போனான்,
முதுகு இரும்பு ஈரத்தில் மினுங்க.

அடுத்து 2037இல் பொருந்தும் என்றான் டோமன்டாஸ்,
யாரும் கேட்காமலே.

உக்னே ஒரே ஒரு கட்டை மடியில் வைத்து
வாரைப் பூட்டிக்கொண்டு மேலே போனாள்.
ஸ்கேனர் சத்தம் கேட்கவில்லை.
நான் கழுத்து வலி என்று
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.