பதினோரு மீன்கள்

நரின் நகரப் பள்ளியின் மாடிப்படியில்
இடைவேளையில் ஒரு நீதிமன்றம் கூடிற்று.
படிக்கு அடியில் கொதிகலன் அறை.
அரைக்கதவுக்குப் பின்னால் நான்,
கையில் கரி வாரும் மண்வெட்டி.

ஆறு வயது சேஸிம்
மீனுக்குக் குளிருமே என்று
பாலும் உப்பும் போட்ட தேநீரை
கெண்டியோடு தொட்டியில் கவிழ்த்திருந்தாள்.
பதினொன்றும் மிதந்தன.

பெக்தெமிர் அதற்கு முந்தின நாள்
அதே தொட்டியைக் குறிவைத்துக் கல் எறிந்தவன்.
கல் திரைச்சீலையில் பட்டு விழுந்தது.
ஒரு செதில்கூட உதிரவில்லை.

சின்ன வகுப்புத் தாலாய் விரல்விட்டு எண்ணினான்.
பத்தோடு விரல் தீர்ந்துபோக
பக்கத்துப் பையனிடம் ஒன்று கடன் வாங்கினான்.
"பதினோரு நாள் அவளுக்கு போர்சோக் கிடையாது.
அவனுக்கு ஒண்ணுமில்ல."

"செத்ததையா எண்ணுறது?" என்றாள் நூர்ஸாத்,
ஒன்பது வயது, முன்பல் ஒன்று இல்லை.
"அந்தக் கை என்ன நினைச்சுது, அதைக் கேளு."
"நினைப்பை எப்படிப் பார்க்கிறது?"
"மூஞ்சியப் பாரு."

பார்த்தார்கள்.
சேஸிம் அழுதுகொண்டிருந்தாள்.
பெக்தெமிரும் அழுதுகொண்டிருந்தான்.
அங்கேதான் வழக்கு இழுத்தது.
"அவன் மாட்டிக்கிட்டதுக்கு அழறான்."
"அவளும்தானே மாட்டிக்கிட்டா?"
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
என் தலைக்கு மேல் குழாய் முனகியது.

மணி அடிப்பதற்குள் தீர்ப்பு:
அவன் ஒரு மாதம் தொட்டி கழுவ வேண்டும்,
புது மீன் வந்தாலும் வராவிட்டாலும்.
அவளுக்குத் தண்டனை இல்லை;
ஆனால் குழி அவள்தான் தோண்ட வேண்டும்.
"அதுவும் தண்டனைதானே?"
"இல்ல. அது வேற."
எப்படி வேறு என்று நூர்ஸாத் சொல்லவில்லை.

தொட்டி ஏன் குளிர்ந்தது என்று
யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு நெருப்பு அணைந்தது.
தூங்கிவிட்டேன் என்பது பாதி உண்மை.
மீதிப் பாதி ஒரு பாட்டில்.
மீனைக் கொல்ல நான் நினைக்கவில்லை,
சத்தியமாக.
மீன் இருப்பதையே நினைக்கவில்லை.
நூர்ஸாத் என் முகத்தைப் பார்த்தால்
இதை எந்தப் பக்கம் எழுதுவாள்?

சேஸிம் இறங்கி வந்தாள்,
பிஸ்கட் டப்பாவை மார்போடு அணைத்து.
"மாமா, மண்வெட்டி."
"மண்ணு உறைஞ்சு கெடக்கும்மா.
நான் தோண்டித் தரேன்."

மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.
"உங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

தன்னைவிட உயரமான மண்வெட்டியை
இழுத்துக்கொண்டு போனாள்.
ஒவ்வொரு படியிலும் அது
தட்டிக்கொண்டே போனது.