பொய்க்கூரை

பொய்க்கூரை என்றுதான் பெயர்.
பொய் சொல்லத் தெரியாது அதற்கு.
மேலே என்ன ஒழுகினாலும்
ஒரு வாரம் வாய்மூடி ஊறிக் கிடந்து
எட்டாம் நாள் தேநீர் நிறத்தில் சொல்லிவிடும்.

தோ பாயோ. ஏழாவது மாடி.
கதவைத் திறந்த ரொஹாயா அக்கா
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்:
"பாஸ் எங்கே?"
நான்தான் என்றேன். ஏணியை உள்ளே இழுத்தேன்.

குளியலறையை ஒட்டிய நடைவழியில் கறை.
அதைச் சுற்றிப் பென்சில் கோடு,
கோட்டைச் சுற்றி இன்னொரு கோடு,
ஒவ்வொன்றிலும் ஒரு தேதி.
மகன் ஹைக்கலின் வேலை. உயர்நிலை இரண்டு.
முக்காலிமேல் ஏறி வாராவாரம் குறித்திருக்கிறான்,
வழக்குக்குச் சாட்சி சேர்ப்பவன் மாதிரி.
விரல் அகலம், விரல் அகலமாக நகர்ந்த கறை
ஒரே இரவில் ஒரு சாண் தாண்டியிருந்தது:
பிப்ரவரி பதினொன்று.

அழுத்திப் பார்த்தேன்.
காப்பியில் தோய்த்த பிஸ்கட்டாக உள்வாங்கியது பலகை.
திருகாணித் தலைகளில் துரு,
ஓரத்தில் பூஞ்சை, கறுப்புக் கடுகு சிதறினாற்போல்.
அறுத்தெடுக்க அரைமணி போதும்.
ஆனால் மேலே ஒழுக்கு நிற்காமல் கீழே பூசினால்
அது வைத்தியம் இல்லை, முகப்பவுடர்.

எட்டாவது மாடி. திரு குவெக்
இரும்புக் கதவின் கம்பிகளுக்குள்ளிருந்து சொன்னார்:
"என் தண்ணீர் இல்லை."
தண்ணீரில் பேர் எழுதியிருக்காது அங்கிள்,
எழுதிப் பார்ப்போமா என்றேன்.
சிவப்புச் சாயம் கலந்த ஒரு வாளி நீரை
அவர் குளியலறைத் தரையில் தேக்கினேன்.
உள்ளறையில் யாரோ இருமினார்கள்.
எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்தினார்.

மறுநாள், மாலை நான்குக்குப் பத்து நிமிடம் இருக்க,
கீழே வைத்த பீங்கான் தட்டில்
ஒரு சிவப்புச் சொட்டு.
அக்கா கத்தவில்லை.
தட்டை ஏந்திக்கொண்டு படியேறினார்.
போன பெருநாள்வரை பலகாரம் சுமந்துபோன தட்டுதான்.

அவர் இறங்கி வந்தார்.
முப்பது வருடம் நடந்த தன் தரையின்
மறுபக்கத்தை அன்றுதான் பார்க்கிறார்.
நான் கைவிளக்கைப் பிடித்தேன்.
கழுத்தை அண்ணாந்து தேதி தேதியாகப் படித்தவர்
பதினொன்றில் நின்றார்.
"அன்றைக்கு இரவு..."
விரிப்பு, அவளுடைய துணி, சக்கர நாற்காலி,
விடியும்வரை கழுவிக்கொண்டிருந்தேன் என்றார்,
சுவரிடம் சொல்வதுபோல.
ஹைக்கல் பென்சிலைப் பைக்குள் தள்ளினான்.
அக்கா தட்டைக் கழுவப் போனார்.

மேலே ஓடுகளைப் பெயர்த்து,
நீர்த்தடுப்புப் பூசி, காயவிட்டு,
மறுபடி நீர் தேக்கிச் சோதிக்க ஒரு வாரம்.
அந்த ஒரு வாரமும்
குவெக்கின் மனைவி ஏழாவது மாடியில் குளித்தார்,
கூரை பிரிந்து, குழாயும் காங்கிரீட்டும்
எலும்பாகத் தெரிந்த நடைவழியில்
அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக.
யார் கேட்டது, யார் சொன்னது,
எனக்குத் தெரியாது. நான் மேலே ஓடு பதித்துக்கொண்டிருந்தேன்.
பில் வந்தபோது எண்பது வெள்ளி குறைக்கச் சொல்லி
இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

பிறகு என் வேலை.
நல்ல பலகை வரும்வரை சதுரமாக அறுத்தேன்.
புதியதைச் சட்டத்தில் திருகி
மூட்டில் வலைநாடா ஒட்டி
பட்டி, காயல், உப்புத்தாள்,
பட்டி, காயல், உப்புத்தாள்.
கண்ணாடியில் என் புருவம் நரைத்திருந்தது.
கறை மேலெழாதிருக்க ஒரு பூச்சு,
வெள்ளை இரண்டு பூச்சு.

வெயில் சாய்ந்து வரும் நேரத்தில்
புதுச் சதுரம் இலேசாகத் தெரியும்.
ஆறு மாதத்தில் ஒன்றாகிவிடும் என்றேன்.
எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஏணியை மடக்கும்போது
காய்ந்துவிட்டதா என்று கேட்டான் ஹைக்கல்.
கையில் பென்சில்.
இன்னும் இல்லை, தொடாதே,
நாளைக்கு.