மேலதிகமாக வரைந்தால் புள்ளி இல்லை

ஒரு தாளுக்கு இருபத்தைந்து ரூபாய்.
நூற்றுப் பதினெட்டுத் தாள்.
கல்லடியில் கரண்ட் போய் ஒரு மணித்தியாலம்.
போன் வெளிச்சத்தைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துத்
திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் வினா, ஆ பகுதி:
2-புரோமோபியூற்றேன்,
மதுசாரத்தில் கரைத்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டு,
வெப்பம்.
பிரதான விளைபொருளை எதிர்வுகூறுக.

பாதிப் பேர் மதுசாரத்தைத் தண்ணீர் என்று வாசித்திருக்கிறார்கள்.
புரோமீன் எழும்பிப் போன கதிரையில்
ஐதரொட்சைட்டை இருத்திவிட்டார்கள்.
ஒன்று போக ஒன்று வருவது
நீர்க் கரைசலின் பழக்கம்.
சூடு ஏறினால் வேறு கதை,
அது இவர்களுக்கா தெரியாது?
ரவுணில், தகரத்துக்குக் கீழே,
ஜூலை மாத இரண்டு மணி வகுப்பில்
பின்வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நழுவ,
மிச்ச இரண்டு பேரும் ஒரே ஃபேனுக்கு
தோளோடு தோள் ஒட்டி இருந்தார்களே.
செய்து காட்டினார்கள்.
இரட்டைப் பிணைப்பு என்று எழுதத்தான் வரவில்லை.

ஒருவன் காபனுக்கு ஐந்து கை வைத்திருக்கிறான்.
'நாலுதான் மனே' என்று எழுதி
ஒரு கையை வெட்டினேன்.

சேரின் புள்ளித்திட்டம் அரைப் பக்கம்.
பியூற்-2-ஈன்: நாலு புள்ளி.
அடிக்கோடிட்டு:
மேலதிகமாக வரைந்தால் புள்ளி இல்லை.

எண்பத்து மூன்றாவது தாள்.
ஹினாயா, ஓட்டமாவடி.
நடுவில் பியூற்-2-ஈன், பேனையால், அழுத்தி.
ஓரத்தில் பியூற்-1-ஈன், பென்சிலால்.
அதற்குக் கீழே எறும்பளவு எழுத்தில்:
இதுவும் கொஞ்சம் வரும்.

வரும்தான்.
குடுவைக்குள் புள்ளித்திட்டம் போவதில்லை.
எந்த ஐதரசனைப் பிடுங்குவது,
உள்ளே நிற்பதையா ஓரத்தில் நிற்பதையா என்று
மூலம் யாரிடமும் கேட்பதில்லை.
ஐந்தில் நாலு தரம் உள்ளே.
மற்றத் தரம்

மற்றத் தரம் நான்.
மூன்றாந்தரமும் எடுத்து
வெட்டுப்புள்ளிக்குச் சைபர் தசம் சைபர் நாலு குறைவு.
டொக்டர், இல்லாட்டி ரீச்சர்,
அம்மாவின் சமன்பாட்டில் வலப்பக்கம் இரண்டே பேர்தான்.
சிவப்புப் பேனை, சீனிப் போத்தல், இருபத்தைந்து ரூபாய்,
இதை ஒருவரும் எதிர்வுகூறவில்லை.

சேருக்கு அடித்தேன். எடுக்கவில்லை.
வொய்ஸ் போட்டேன். ஒற்றைச் சரி விழுந்து அப்படியே நிற்கிறது.

பென்சில்தானே.
அழிறப்பர் கைக்கெட்டத்தான் கிடக்கிறது.
அந்த ஓரத்தை அழித்தால்
பிள்ளைக்கு நாலும் கிடைக்கும்,
திட்டமும் பிழைக்காது,
ஒருவருக்கும் தெரியவும் வராது.

அழிறப்பரைக் கையில் எடுத்து
ஊதி, தூசு தட்டி,
பிறகு வைத்துவிட்டேன்.
பென்சில் கோட்டின் மேலேயே,
வெட்டாமல், தடம் பிடித்து
என் சிவப்பால் ஒருதரம் கீறினேன்.
பக்கத்தில் நாலு.

சேர் கேட்டால் கேட்கட்டும்.

எண்பத்து நாலு.
இவனும் தண்ணீர்.